இடது பக்கம் சூடாகாத டயர்

என் செல்லத்துக்கு,

நீ கதவுக்குப் பின்னால் விட்டுப்போன பழைய பைக் டயரை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு நேற்று டயர் கடைக்குப் போனேன். உன் பிறந்தநாளுக்குப் புதிதாக ஒரு ஜோடி வாங்கத்தான்.

"ரேஸ் ட்ராக்ல ஓட்டறவங்களா? எடை எவ்வளவு? வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிப்பாங்களா, கடைசியிலயா?" என்று கடைக்காரர் கேட்டார். பெற்றவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய எடையைச் சொன்னேன்.

அவர் பழைய டயரைத் தடவிப் பார்த்தார். வலது ஓரம் நன்றாகத் தேய்ந்திருந்தது. இடது ஓரம் புதிது போலவே இருந்தது.

"இங்க ட்ராக்ல முக்கால்வாசி வலது வளைவும்மா. இடது பக்கம் சூடே ஆகாது, பிடிப்பும் இருக்காது. ஆறிக் கிடக்கிற பக்கமா சாஞ்சா, எப்பேர்ப்பட்டவங்களும் விழுவாங்க."

நீ விழுந்தது இடது வளைவில்தான். ஆஸ்பத்திரியில் உன் தோளுக்குக் கட்டுப் போடும்போதே, "எல்லாம் உன் அவசரபுத்தி" என்றேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. தோள் ஆறியதும் வீட்டை விட்டும் போய்விட்டாய்.

"சீக்கிரம் சூடாகறது எதுவோ, அதையே கொடுங்க."

"சீக்கிரம் தேஞ்சும் போயிடுமே."

"தேயட்டும். வேற வாங்கிக்கறோம்."

இரண்டு டயரும் உன் கட்டிலில் சாய்ந்திருக்கின்றன. அறையெல்லாம் ரப்பர் வாடை. நீ இருந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிடுவேன். இப்போது திறக்க மனம் வரவில்லை.

என்ன நடந்தது என்று கேட்காமலே பேசிவிட்ட,
உன் அம்மா