மஞ்சள் பையை எரித்த போகி

இன்று காலை தெருமுனையில் யாரோ பழைய டயரைக் கொளுத்திவிட்டார்கள். கரும்புகை ஜன்னல் வழியாக வந்து வீடெல்லாம் நிறைந்தது. போகிப் புகை வந்தாலே எனக்கு உங்கள் வலது மணிக்கட்டுதான் கண்ணில் நிற்கும். நீங்கள் போய் நாலு மாதமாகிறது. அந்தப் பல் தடம் மட்டும் என்னை விடவில்லை.

அமுதா நம் வீட்டுக்கு வந்து அப்போது பன்னிரண்டு நாள். ஒன்பது வயதுப் பெண்ணைப் போய்த் தத்தெடுக்கிறார்களே என்று உங்கள் தங்கை ஓயாமல் புலம்பினாள். காப்பகத்திலிருந்து அமுதா கொண்டுவந்தது ஒரு மஞ்சள் துணிப்பை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்; குளிக்கும்போது மட்டும் கதவில் மாட்டுவாள். உங்களை "சார்" என்பாள், என்னை ஒன்றுமே சொல்லிக் கூப்பிட மாட்டாள். புது வீடு, புதுப் பாவாடை, பழைய பீடையெல்லாம் ஒழியட்டும் என்று அவள் குளிக்கப்போன நேரத்தில் அந்தப் பையைப் போகித் தீயில் போட்டேன். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். உள்ளே அவளைப் பெற்றவளின் ஜாக்கெட் இருந்தது நமக்குத் தெரியாது. பிரித்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். தீக்குள் கையை விடப் போனவளை நீங்கள் இழுத்துப் பிடித்தீர்கள். உங்கள் மணிக்கட்டைக் கவ்வினாள். ரத்தம் சொட்டியும் விடவில்லை. அப்புறம் பித்தளைச் சொம்பை எடுத்து என் முகத்தில் வீசினாள், உதடு கிழிந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. எரிந்துகொண்டிருந்த கட்டையை உருவி அவளை அடிக்க ஓங்கினேன். ஓங்கினேன் என்ன, அடித்தே விட்டேன். நீங்கள் குறுக்கே வந்ததால் அடி உங்கள் முதுகில் விழுந்தது. ஒரு குழந்தையைக் கொள்ளிக்கட்டையால் அடிக்கப் போன கை இது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"கொண்டு போய் விட்டுட்டு வந்துடலாங்க. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அழுதேன். மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "கடிச்சா இன்னா இப்போ? ஓடியா போயிட்டா? இங்க நின்னுதானே கடிக்கிறா."

அந்த வருஷம் முழுக்க நின்று கடித்தாள். டிவியை உடைத்தாள். என் சேலைகளைக் கத்தரியால் வெட்டினாள். ஒவ்வொரு தடவையும் திருமுடிவாக்கம் பட்டறையிலிருந்து எண்ணெய்ச் சட்டையோடு ஓடி வருவீர்கள். திட்ட மாட்டீர்கள், அவளோடு உட்கார்ந்து உடைந்ததைப் பொறுக்குவீர்கள். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிற்பாடு உடைப்பது குறைந்தது, பேச்சு கூடவில்லை. தாம்பரத்தில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிற வயதிலும் நீங்கள் அவளுக்கு சார்தான். உங்களைத் தூக்கியபோது அவள் அழவில்லை. "பெத்த பொண்ணா இருந்தா இப்படி நிப்பாளா?" என்றாள் உங்கள் தங்கை. நானும் மனதுக்குள் அதையே கேட்டேன்.

இன்று அதே தங்கை வந்து, "செத்தவங்க துணிய வூட்ல வெச்சுக்கக் கூடாது அண்ணி, போகில போட்டுடுங்க" என்றாள். எனக்கும் அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. உங்கள் நீலப் பட்டறைச் சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எனக்குப் புத்தியே வரவில்லை, பாருங்கள்.

அமுதா பின்னாலிருந்து பாய்ந்தாள். தள்ளிய வேகத்தில் படியில் விழுந்தேன், முழங்கை பிளந்தது. பிடிக்கப் போன உங்கள் தங்கைக்குக் கன்னத்தில் ஓர் அறை. சட்டையை வயிற்றோடு சுருட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்: "இது எங்கப்பா சட்டை! இதையும் கொளுத்துவியாம்மா நீ?"

பதினொரு வருஷம் காத்திருந்தீர்களே, நாலு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

நாலு தையல் போட்டார்கள். அவள்தான் கூட்டிப் போனாள். வழியெல்லாம் சட்டையை விடவில்லை. தழும்பு நிற்கும் என்றார் டாக்டர். நிற்கட்டுங்க. உங்களுடையது உங்களோடு எரிந்துபோயிற்று. இது எனக்கு இருக்கட்டும்.