முன்வாசல்

பாறை ஹோட்டல், இத்தாலி
21.05.1989

அன்புள்ள அவருக்கு,

மாதாவின் காவலில் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம். உங்கள் கடிதம் வந்தது. டென்மார்க் விசா கிடைத்துவிட்டது என்று மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தீர்கள். சந்தோசம்தான். ஆனால் நான் துள்ளிக் குதிக்கவில்லை, கோபிக்க வேண்டாம்.

எங்களைப் போல மனைவியைக் கூப்பிட எழுதிக் கொடுத்த தமிழரின் கோப்புகளை டென்மார்க் மேலிடமே வேண்டுமென்று நிறுத்தி வைத்ததாம், இப்போதுதானே உங்கள் ஊர்ப் பேப்பரில் வருகிறது. அதைக்கூட மன்னிப்பேன். அங்கே ஒரு அலுவலர், "உன் பெயரோடு சூசைப்பிள்ளை இருக்கிறது, இவள் பெயரோடு சந்தியாப்பிள்ளை இருக்கிறது, இவள் உன் மனைவிதானா?" என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன் என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவரவர் தகப்பன் பெயர் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

விசாவைப் பார்த்துக்கொண்டு மன்னாரில் இருந்து பயன் இல்லை என்றுதான் கன்னியாஸ்திரிகளின் உதவியோடு இங்கே வந்தேன். கடலுக்கு மேலே பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த ஹோட்டலில் பதினாறு மாதமாகக் கட்டில் விரிக்கிறேன். வேலைக்காரருக்குப் பின்படிதான், முன்வாசலால் ஏறக்கூடாது. ஜூலை லீவில் வாருங்கள். விருந்தாளியாக அறை எடுங்கள். முதலாளியம்மா எமிலியாவின் முன்னால் நின்று, நான் உங்கள் மனைவி என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால் உங்களோடு வாழ டென்மார்க் வருவேன். இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடுவேன். சும்மா வெருட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள்
விக்ரோரியா


இக்காஸ்ட்
டென்மார்க்
02.06.1989

அன்பின் விக்ரோரியா,

உம்முடைய கடிதத்தைத் துணி பக்டரியின் சாப்பாட்டு அறையில் வாசித்தேன். உம்மில் பிழை இல்லை. அகதியாக வந்தவன் சத்தம் போட்டால் உள்ளதும் போய்விடும் என்று பயந்தே எனக்குக் காலம் போய்விட்டது.

அறைக்கு எழுதிவிட்டேன். ரண்டர்ஸ் நகரத்தில் இருக்கிற றொபேட் அண்ணை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்: "திரு, திருமதி சூசைப்பிள்ளை, டென்மார்க்." கடல் பக்க அறை, மூன்று நாள். சரி என்று பதிலும் வந்துவிட்டது.

ஆனால் வேலைக்காரிக்கு இங்கே அறை இல்லை என்று எமிலியா அம்மா சொன்னால்? மெஷினில் நின்றபடி "மியா மொல்யே", என் மனைவி, என்று இத்தாலியன் பழகுகிறேன். பக்கத்து மெஷின் பெண்கள் எனக்கு விசர் என்று நினைக்கிறார்கள்.

உமது
லோரன்ஸ்


பாறை ஹோட்டல்
12.07.1989

அன்புள்ள அவருக்கு,

நாளைக்கு நீங்கள் இங்கே நிற்பீர்கள், இந்தக் கடிதமோ இக்காஸ்டுக்குப் போகும். இருந்தாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காலையில் எமிலியா அம்மா என்னைக் கூப்பிட்டா. "டென்மார்க்கில் இருந்து ஒரு சோடி வருகிறார்கள். அவர்கள் சுத்தம் பார்க்கிற ஆட்கள். பதினாலாம் அறையை நீயே ஆயத்தம் செய்" என்றா. நான் அவவுக்கு சந்தியாப்பிள்ளை அல்லவா, சூசைப்பிள்ளை யார் என்று அவவுக்கு எப்படித் தெரியும்? சிரிப்பை அடக்க, தலையணைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறேன். நீங்கள் வாய் திறக்காமல் நின்றால் என்ன செய்வது என்றும் யோசித்துக்கொண்டுதான் தலையணை உறை மாற்றினேன்.

விக்ரோரியா


இக்காஸ்ட்
20.07.1989

என் அன்பின் விக்ரோரியா,

இண்டைக்கு வீட்டுக் கதவைத் திறந்தால் உம்முடைய கடிதம் கிடக்கிறது. கள்ளி! அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் இருந்தீரா?

ஹோட்டலின் அந்த வரவேற்பு மேசையை என்னால் மறக்க முடியாது. எமிலியா அம்மா பாஸ்போட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பவும் பாஸ்போட்டைப் பார்த்தா. திருமதி எங்கே என்று கேட்டா. அப்போதுதான் நீர் நீலச் சேலையோடு முன்வாசலால் ஏறி வந்தீர். பின்படியால் போ, விருந்தாளி நிற்கிறார் என்று அவ உமக்குக் கையைக் காட்டினா.

பழகின இத்தாலியன் அத்தனையும் பறந்துவிட்டது. தமிழ்தான் வந்தது. "இவ என்ரை மனுசி! என்ரை பேரோடை என்ரை அப்பா இருக்கிறார், இவவின்ரை பேரோடை இவவின்ரை அப்பா இருக்கிறார். நாங்கள் புருசன் பெண்சாதி!" கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அதை நீர் ஒரு சொல் விடாமல் இத்தாலியனில் சொன்னீர். அவ பதினாலாம் அறைத் திறப்பை எடுத்து, எனக்குத் தராமல், உம்முடைய கையில் வைத்தா.

விடிந்ததும் எழும்பி நீரே கட்டிலை விரித்துவிட்டீர், அறை துடைக்க வந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்பிப் போச்சுது. விருந்தாளியாக இருக்க உமக்கு இன்னும் பழக வேண்டும்.

நேற்று அந்த விசா அலுவலகத்துக்குப் போனேன். முன்பு பெயரைக் கேட்ட அதே ஆள். "என்ரை மனுசி பேரை மாத்த மாட்டா, அவவின்ரை பேர் அதுதான்" என்று டெனிஷில் சொன்னேன். ஓம் என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதானா என்று எனக்கு ஒரே வெட்கமாய்ப் போச்சு.

உமது
லோரன்ஸ்


பாறை ஹோட்டல்
31.07.1989

என் அன்பு லோரன்ஸ்,

முதல் தடவையாகப் பெயர் சொல்லி எழுதுகிறேன். அண்டைக்கு நீங்கள் போட்ட சத்தத்துக்கு இது பரிசு.

எமிலியா அம்மா என்னைப் போக வேண்டாம் என்றா. எல்லா மாடிக்கும் என்னைப் பொறுப்பாக்குகிறேன் என்றா. என் மனுசன் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்றேன். அப்படியென்றால் போகும்வரைக்கும் நீ முன்வாசலால் வா என்றா. மற்றப் பெண்களும் வந்தால் வாறன் என்றேன். அவவின் முகம் சிவந்தது. இரண்டு நாள் கழித்து, சரி, எல்லோரும் வாருங்கள் என்றா.

இண்டைக்குக் காலையில் வேலைக்காரப் பெண்கள் நாங்கள் ஆறு பேரும் முன்வாசலால் ஏறினோம். எல்லோருக்கும் மூத்தவ கத்தரீனா, இருபது வருசமாகப் பின்படி ஏறினவ, உள்ளே வந்ததும் நடு மண்டபத்தில் நின்று அழுதுவிட்டா. அவவைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் இக்காஸ்ட் ஸ்ரேசனில் இறங்குவேன். என்னைக் கண்டதும் மெதுவாகக் கூப்பிட வேண்டாம். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கட்டும்.

உங்கள் மனைவி
விக்ரோரியா சந்தியாப்பிள்ளை