கிளப்பில் டைட்டில் மியூசிக்

சேசு மரி சூசை

நாகல் நகர், திண்டுக்கல்
13.6.1999

பாசமுள்ள ஸ்டான்லி அண்ணனுக்கு,

தங்கை சகாயசெல்வி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் என் மகளும் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ? போன தடவை அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புக்கரசியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். நான் பாட்டு டீச்சராக இருக்கும் அதே பள்ளிதான். கூடவே கூட்டிப்போய்க் கூடவே கூட்டி வருகிறேன்.

ஒரு விஷயம். இங்கே கோயிலில் சாக்ஸபோன் வாசிக்கும் பாஸ்கல் சார், ஊர் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஒரு கச்சேரி ஏற்றிருக்கிறார். சினிமாப் பாட்டு கிடையாது. டி.வி. நாடகங்களின் டைட்டில் மியூசிக், செய்திக்கு முன்னால் வரும் மியூசிக், இவற்றை ஜாஸாக வாசிக்கப் போகிறோம். அவர் பெங்களூர் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்தவர். கீபோர்டுக்கு என்னைக் கேட்டார். ஆசையில் சரி என்றுவிட்டேன். "பேர் மட்டும் போடாதீங்க சார்" என்று கெஞ்சியும், மன்றத்தார் நோட்டீசில் என் பேரை அடித்து பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டிவிட்டார்கள்.

தூத்துக்குடி பஸ்ஸெல்லாம் அங்கேதானே நிற்கிறது? என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டால்? தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்து நிற்கிறேன். கதவிடுக்கில் வைத்து அவர் நசுக்கிய சுண்டுவிரல் இன்னும் முழுசாக மடங்காது. நான் இந்த ஊரில் இருப்பது நம் ஆட்களில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் அண்ணே.

உங்கள் தங்கை,
செல்வி


மஸ்கட்
26.6.1999

அன்புத் தங்கை செல்விக்கு,

அண்ணனின் ஆசீர். மருமகளுக்கு என் முத்தம். அவளுக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

கச்சேரி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. கிளப் என்றால் சீட்டும் குடியும்தானே? அங்கே போய் நம் வீட்டுப் பெண் வாசிப்பதா? அப்பா இருந்தால் விடுவாரா?

மாப்பிள்ளை பவுல்ராஜ் எங்கள் கேம்ப்புக்குப் போன் போட்டார். குடியை விட்டுவிட்டாராம். அழுதார் செல்வி. ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. பயம் பயம் என்று எழுதுகிறாய். தனியாக இருப்பதால் வரும் பயம் அது. யோசித்துப் பார்.

அண்ணன்,
ஸ்டான்லி


நாகல் நகர், திண்டுக்கல்
9.7.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கிளப்பில் சீட்டும் ஆடுகிறார்கள், கேரமும் ஆடுகிறார்கள். எனக்கு அங்கே பயமில்லை.

பேகம்பூரில் முனீர் அண்ணனின் சவுண்ட் சர்வீஸ் கடையில்தான் ஒத்திகை. அவர்தான் டிரம்ஸ். நாங்கள் மூவர் மட்டும். முதலில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டைச் சேர்ந்து வாசிப்போம். பிறகு ஒவ்வொருவர் முறை வரும். அப்போது மனசுக்குத் தோன்றியதை வாசித்துக்கொண்டே எங்கெங்கோ போய்விட்டு, கடைசியில் மெட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். என் முறை வரும்போது கொஞ்ச நேரம் எல்லாமே மறந்துவிடுகிறது.

நேற்று பள்ளி வாட்ச்மேன் பொன்னுத்துரை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், பாப்பாவோட அப்பான்னு ஒருத்தரு வந்தாரு. எப்ப பள்ளிக்கூடம் விடும், எந்தப் பக்கமா வீட்டுக்குப் போவீகன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கல" என்றார்.

உடனே அன்புவைக் கூட்டிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன். காய்ச்சல் என்று சொல்லி அவளை வீட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நோட்டீசில் பள்ளியின் பேர் இல்லை அண்ணே. நீங்கள் சொன்னீர்களா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

செல்வி


மஸ்கட்
20.7.1999

அன்புத் தங்கைக்கு,

சொன்னேன். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். போன வாரம் மறுபடி போன் போட்டபோது வீட்டு விலாசமும் கொடுத்திருக்கிறேன். வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்த மனிதரை எப்படி நம்பாமல் இருப்பது? அவசரப்படாதீர்கள், நாலு பேர் இருக்கும் இடத்தில் வைத்துப் பேசுங்கள் என்று நான்தான் சொன்னேன். கச்சேரிக்கு வருவார். முகம் கொடுத்துப் பேசு. பிள்ளையோடு கிளம்பிப் போ. ஒரு நாள் எனக்கு நன்றி சொல்வாய்.

அண்ணன்


8.8.1999

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கச்சேரி நாளன்று மத்தியானம் வந்தது. படித்ததும் அன்புவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பேகம்பூருக்கு ஓடினேன். முனீர் அண்ணன் சம்சாரம் ஒரு கேள்வியும் கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

நான் வரவில்லை என்று முனீர் அண்ணனிடம் சொன்னேன்.

"வெலாசம் தெரிஞ்ச ஆளு நேரா ஒங்க வீட்டுக்கே வருவான்மா. ஒத்தையில இருக்கிறதுக்கு அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல இருக்கிறது நல்லது. நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல?" என்றார். போனேன்.

முதல் நாடக மெட்டு முடியும் முன்பே அவரைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது வரிசை, ஓரம். வெள்ளைச் சட்டை, மடியில் அல்வாப் பொட்டலம். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் அண்ணே. அடி விழுவதற்கு முன்னால் வருவது.

என் முறை வந்தது. விரல் அசையவில்லை. பாஸ்கல் சார் சாக்ஸபோனை இறக்கிவிட்டு என்னையே பார்க்கிறார். முனீர் அண்ணன் தாளத்தை விடாமல் டிரம்ஸை மெல்ல உரசிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்றும் போனது. எனக்காகக் காத்திருக்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரியாது. பிறகு ஒரு கட்டையைத் தொட்டேன். அதற்குப் பக்கத்துக் கட்டையை. நன்றாக வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன், பயத்தில் வந்ததை வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் வந்தார். "நல்லா வாசிக்கிறியே. புள்ள எங்க?" மெதுவாகத்தான் கேட்டார். என் சுண்டுவிரலைப் பிடித்தார். "மச்சானே சொல்லிட்டாரு. கெளம்பு." பிடி இறுகிக்கொண்டே போனது.

நான் கத்தினேன் அண்ணே. அந்த வீட்டில் எத்தனை அடி வாங்கியும் கத்தியதில்லை, பிள்ளை விழித்துக்கொள்வாள் என்று. பாஸ்கல் சாரும், டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் ஓடி வந்தார்கள். அவர் கையை எடுத்துவிட்டு, "குடும்ப விசயம்ங்க" என்று எல்லோரிடமும் சிரித்தார். போகும்போது என் காதருகே, "ஒங்கண்ணன் வெலாசம் குடுத்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் நீ எங்கடி போவ?" என்றார்.

வாசலில் புல்லட்டில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று நினைக்கட்டும் என்று, கீபோர்டில் தானாக ஓடும் தாளத்தைப் போட்டுவிட்டு, மற்ற இருவரும் செய்தி மியூசிக்கை நிறுத்தாமல் வாசித்தார்கள். மன்றக் காரியதரிசி பின்வாசல் வழியாக என்னைத் தன் காரில் படுக்க வைத்துப் பிள்ளையிடம் கூட்டிப் போனார். ரோடு திரும்பும் வரை சாக்ஸபோன் கேட்டது.

மறுநாள் முனீர் அண்ணன் போய்ப் பார்த்தபோது வீட்டுப் பூட்டு உடைந்து கிடந்ததாம். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் இப்போது திண்டுக்கல்லில் இல்லை. மாமா லெட்டர் போடுமா என்று அன்பு கேட்கிறாள். என்ன சொல்ல என்று தெரியவில்லை. கோபமாக இருந்தால் ஆறிவிடும். உங்களை நினைத்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

சகாயசெல்வி


மஸ்கட்
25.8.1999

செல்விக்கு,

இதை முனீர் கடைக்கு அனுப்புகிறேன். உன்னிடம் சேர்ந்தால் சரி.

வெள்ளிக்கிழமை அவன் போன் போட்டான். முதலில் அழுதான். நீ இருக்கும் இடம் தெரியாது என்றேன். மறுபடியும் அழுதான். தெரியாது என்றேன். சட்டென்று அழுகை நின்றது செல்வி, குழாயை மூடிய மாதிரி. "மச்சான், ஒங்க பிள்ளைக எந்த வேன்ல பள்ளிக்கூடம் போகுதுன்னு எனக்குத் தெரியும். நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்றான். சத்தமே போடவில்லை. கடல் தாண்டி நிற்கும் நானே ரிசீவரைக் கீழே போட்டுவிட்டேன். அந்தக் குரலோடு நீ ஒரே வீட்டில் இருந்திருக்கிறாய்.

ஊரில் இருக்கும் உன் மதினியையும் பிள்ளைகளையும் அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன். நான் லீவு கேட்டிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் முனீரை ஒரு வரி எழுதச் சொல். விலாசம் எழுதாதே. எந்த ஊர் என்றும் வேண்டாம். என் பிள்ளைகள் பக்கத்தில் நின்றுகொண்டு அவன் கேட்டால், நான் சொல்லிவிடுவேன் செல்வி.

ஸ்டான்லி