ஹால்ட்டில் காயும் விரிப்புகள்

மட்டாஞ்சேரி,
5 ஜனவரி 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுவது. மில் விடுதியில் சோறு எப்படி? ஞாயிற்றுக்கிழமை போனில் வார்டன் உன் பக்கத்திலேயே நிற்பதால் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள பழைய ஹால்ட் ரயில் ஸ்டேஷனில் புதர் வெட்டுகிறார்கள். அப்பா இருந்தபோது அங்கே ஏறித்தான் எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போவாராம். எனக்கு நினைவு தெரிந்து அங்கே ஒரு வண்டியும் வந்ததில்லை. மறுபடி விடப் போகிறார்களாம்.

டூரிஸ்ட் சீசன் என்பதால் அம்மாவிடம் சலவைக்கு ஹோட்டல் விரிப்புகள் குவிகின்றன. துணி காயப்போடும் மைதானத்தில் இடமில்லை. அம்மா நடைமேடைத் தூணிலிருந்து எதிர்ப்பக்க மரம்வரை, தண்டவாளத்துக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறாள். கிளிப் கிடையாது, நம் வழக்கப்படி இரட்டைக் கயிற்றின் முறுக்கில் துணியின் நுனியைச் செருகுவதுதான். நடுவில் நின்றால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது.

நேற்று தண்டவாளத்தைத் தொட்டேன். துரு விரலில் ஒட்டவில்லை, வண்டி ஓடும் தண்டவாளம்போல வழவழத்தது. ஏனோ பயமாக இருந்தது.

உன் செல்வி

பல்லடம்,
12 ஜனவரி

அன்புச் செல்விக்கு,

சோறு பரவாயில்லை, மீன்தான் இல்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி இன்று போனில் அம்மாவிடம் கெஞ்சினேன். "இத்தன வருசமா வராத வண்டி, நான் துணி போட்டதும் வந்துருமாக்கும்" என்று சிரிக்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் நீ போய்ச் சொல். வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றுவிடாதே. டீச்சர் கேள்வி கேட்பார் என்று பயந்துதானே பள்ளிக்கூடத்தையும் விட்டாய். கோபமில்லை, கவலைதான்.

மஞ்சுஷா

மட்டாஞ்சேரி,
18 ஜனவரி

அக்கா,

தண்டவாள வேலை பார்க்கும் ஜிதின் சேட்டனிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்: "மோளே, சொவ்வாழ்ச்ச எஞ்சின் ஓட்டிப் பார்க்கும். துணியெல்லாம் எடுத்துக்கணும், கேட்டோ?"

அம்மாவிடம் சொன்னால், "போன வாரமும் இதத்தான் சொன்னானுக. வந்தா கூவாதா? கூவட்டும், உருவிக்கலாம்" என்கிறாள். முறுக்கிலிருந்து ஒவ்வொரு நுனியாக உருவ எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு விரிப்பு கிழிந்தாலும் ஹோட்டல் வேலை போய்விடும் என்று விரிப்புகளுக்கு நடுவிலேயே நிற்பாள். ரயில் பாலம் இறங்கும் வளைவில் மரங்கள் மறைப்பதால் எஞ்சின்காரருக்கு அவள் தெரியமாட்டாள்.

அம்மா கேட்கமாட்டேன் என்கிறாள் என்று சொல்ல மறுபடி போனேன். பெரிய அதிகாரிகள் நின்றார்கள். திரும்பிவிட்டேன்.

ஆனால் ஒரு வழி தோன்றியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்த வளைவுக்கு நான் போகிறேன். தண்டவாளத்தில் நின்று சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தால் போதும். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

உன் செல்வி

பல்லடம் பஸ் நிலையம்,
21 ஜனவரி

செல்வி,

உன் கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. போன் கேட்டேன், வார்டன் தரவில்லை. மதியம் அவரே மெஷின் அருகே வந்து என் தோளில் கை வைத்து, சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பு என்றார். பொங்கலுக்கே லீவு தராதவர். எதற்கென்று கேட்டேன். பஸ்ஸுக்குப் பணத்தைக் கையில் திணித்தார்.

இங்கே ஒருவரிடம் போன் வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். நீ எழுதியிருந்த ஜிதின் சேட்டன்தான் எடுத்தார். "வேகம் வா, மோளே" என்றார், அவ்வளவுதான். பின்னால் ஒரே கூட்டச் சத்தம், அம்மா அழுதுகொண்டிருந்தாள். உன் குரல் கேட்கவில்லை. நீ எப்போதும் மெதுவாகத்தானே பேசுவாய். அத்தனை கூட்டத்தில் கேட்டிருக்காது.

பஸ் வர நேரமிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இது வருவதற்குள் நான் வந்துவிடுவேன். இருந்தாலும் உறையின் மேல் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். தபால்காரர் வரும்போது வெளியே வந்து நீயே வாங்கிக்கொள்.

அக்கா