அடுப்படியில் விட்டுவந்த தாங்கி

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் ஜெய்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். போன் இருக்க இதென்ன தபால் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ சிரித்து மழுப்புவாய், உன் குரலைக் கேட்டதும் நானும் இளகிவிடுவேன், அதனால்தான். அப்பாவுக்கு முட்டுவலி தேவலை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, சேரன்மகாதேவியில் சித்தி வயலில் நடவு முடிந்தது.

மாவட்டக் கண்காட்சியில் எங்கள் பள்ளிக்கு முதல் பரிசு. அது உனக்கு ஆச்சரியமாக இருக்காது. தையல் டீச்சரான என்னை ஒன்பதாம் வகுப்புக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் நடத்தச் சொன்னபோது நான் பயந்து போனேன், அங்கே வெளிநாட்டுப் பள்ளியில் அதே பாடம் நடத்துகிற நீதான் ஞாயிறுதோறும் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். எதைச் செய்வதற்கு முன்னும் அதைப் பயன்படுத்தப் போகிறவரைப் போய்ப் பாருங்கள், முதலில் அட்டையில் செய்யுங்கள், உடையட்டும், மறுபடி செய்யுங்கள், பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் செய்துவிடாதீர்கள் என்றாய். வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சத்துணவு சமைக்கிற இசக்கித்தாய் பெரிய சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கத் தோள்வலியோடு அல்லாடுவதைப் பிள்ளைகள்தான் பார்த்தார்கள். தூக்காமலே சாய்க்க ஒரு தாங்கி செய்வோம் என்றவள் பிரியதர்ஷினி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பத்துப் பிள்ளை. அட்டையில் செய்தது மடங்கிவிட்டது. மரத்தில் செய்ததில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் பானை வழுக்கி எல்லாரும் நனைந்தோம். கடைசியில் பிள்ளைகள் வரைந்து கொடுக்க, சிவசைலம் பட்டறையில் இரும்பில் பற்றவைத்துத் தந்தார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டை, பிடியில் பழைய துணி சுற்றியிருக்கிறது, ஆனால் இசக்கித்தாய் தினமும் அதில்தான் வடிக்கிறாள்.

கண்காட்சிக்குப் போய் எங்கள் மேஜையைத் தேடினால், அங்கே வெள்ளை வெளேரென்று மோட்டார் வைத்த ஒரு குட்டி இயந்திரம், பொத்தானை அமுக்கினால் பானை தானே சாய்கிறது. முன்னால் என் பிள்ளைகள் பெயர். எங்கள் தாங்கியை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஹெட்மாஸ்டர் கிங்ஸ்டன் சாரிடம் கேட்டேன். ‘ஒங்க மவன்தான டீச்சர் பார்சல்ல அனுப்பிவச்சாரு, ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்’ என்றார். எனக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்குப் பதிலும் மனப்பாடமாக்கி வைத்திருக்கிறார். நடுவர் கேட்டதற்கெல்லாம் பிரியதர்ஷினி ஒப்பித்தாள். பரிசோடு பஸ்ஸில் திரும்பும்போது, ‘டீச்சர், நாம செஞ்சது வெளிய காட்ட முடியாத அளவுக்கு அசிங்கமாவா இருக்கு’ என்று கேட்டாள்.

உன்னைக் கேட்டால், ‘நீங்க தோத்துறக் கூடாதுன்னுதாம்மா’ என்று மெசேஜ் போடுகிறாய். ஆக, நான் தோற்பேன் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். பார்சலை அனுப்பிவிட்டு, கண்காட்சிக்கு முந்தின ஞாயிறுகூட ‘தாங்கி எப்படிம்மா வருது’ என்று வாய்கூசாமல் கேட்டாயே ஐயா, நானும் பைத்தியக்காரி மாதிரி குட்டைக்கால் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தேனே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். ஹெட்மாஸ்டர் மட்டும் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன். நீ செய்தது என்பதால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பா வழக்கம்போல் உன் கட்சி, ‘ஏட்டி, பய நல்லதுக்குத்தான செஞ்சிருக்கான், இதைப் போயி பெருசாக்குதியே’ என்கிறார். நான் அவரோடும் பேசவில்லை.

பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நேற்று தாங்கி செய்த மூன்று பிள்ளைகளையும் கேட்டேன். மணிராஜ் பரிசைத் தரமாட்டேன் என்று அழுதான், பிரியதர்ஷினி ‘குடுத்துருவோம் டீச்சர்’ என்றாள், ஜெமிமா அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் கல்வி அலுவலகத்துக்குப் போய், அது பிள்ளைகள் செய்ததல்ல, என் மகன் செய்தது என்று உன் பெயரையும் போட்டு எழுதிக் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் இனி அந்தப் பாடம் எனக்கு இல்லை என்கிறார். இல்லாமல் போகட்டும்.

காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. உன்னைக் காக்கிறவர் உறங்கமாட்டார், அந்த நம்பிக்கை எனக்குண்டு. ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிறு எனக்குப் போன் செய்ய வேண்டாம். அதற்கடுத்த புதன்கிழமை மதியம் பள்ளிக்குச் செய், மூன்று பிள்ளைகளும் இருப்பார்கள். ‘அந்த இயந்திரத்தைச் செய்து அனுப்பியது நான்தான்’ என்று உன் வாயால் அவர்களிடம் சொல். நான் அங்கே இருக்கமாட்டேன். இருந்தால் நீ என்னிடம்தான் மன்னிப்புக் கேட்பாய்.

உன்னைப் பெற்றவள்,
லில்லி இஸ்ரவேல்