தொடாதே என்று சொல்லாத கண்ணாடி

அத்தை, இன்று காலை மொட்டைமாடிக்குப் போனதும் எனக்கு அடுத்தடுத்து நாலு தும்மல். பக்கத்துக் கிடங்கில் சுக்கு மூட்டை பிரித்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரிக்கு மருமகளாக வந்த புதிதில் இந்தக் காரம் ஒத்துக்கொள்ளாமல் நான் தும்முவேன். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள்.

அந்தத் தூசியை நம்பித்தான் என் ஆராய்ச்சியை மாடிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு சின்ன சோலார் பேனல்கள். ஒன்றின் கண்ணாடியில், தூசி ஒட்டாமல் இருப்பதற்காகக் களமசேரி ஆய்வகத்தில் மூன்று வருடம் முட்டி மோதி நான் செய்த மெல்லிய பூச்சு. மற்றது வெறும் கண்ணாடி. எது அதிக மின்சாரம் தருகிறது என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். பூச்சுள்ளதைக் காட்டி, இதை மட்டும் தொட்டுவிடாதீர்கள் என்று உங்களிடம் கெஞ்சினேன்.

மூன்று மாதமும் வெறும் கண்ணாடியே ஜெயித்தது. இப்படியே போனால் தலைப்பை மாற்ற வேண்டியதுதான் என்றார் பேராசிரியர். அன்று சாயங்காலம் நீங்கள் கொண்டுவந்த சாயா ஆறிப்போகும்வரை அழுதேன். என்னவென்று கேட்டீர்கள். பூச்சு இல்லாத பேனல்தான் பளபளவென்று இருக்கிறது என்றேன். உங்கள் முகம் அப்படியே மலர்ந்தது.

"பின்னே இருக்காதா மோளே? தெனம் காலம்பற நாந்தானே அதத் தொடச்சு விடுறேன்."

முப்பது வருடம் இந்த ஊர்த் தெருக்களைப் பெருக்கி ஓய்வுபெற்றவர் நீங்கள். கண்ணெதிரே அழுக்கு இருந்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியே இருப்பேன்.

"தொடாதேன்னு நீ சொன்னது ஒண்ணத்தானே?"

தப்பு என்னுடையதுதான். சிரித்துவிட்டேன்.

பேராசிரியரிடம் உள்ளதைச் சொல்லி, மழை பிடிக்கும்வரை அவகாசம் வாங்கினேன். அதுவரை நீங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. துணி காயப்போட வந்தால் பேனலுக்கு முதுகைக் காட்டியே நிற்பீர்கள். ஒருநாள் காக்கை எச்சமிட்டதற்கு ஆய்வகத்துக்கே ஃபோன் செய்து அனுமதி கேட்டீர்கள். நான் தரவில்லை. அன்று நீங்கள் மாடிப்பக்கமே போகவில்லை என்று அவர் சொன்னார், உங்கள் மகன். கடைசியில் பூச்சு ஜெயித்தது. முடிவைப் பார்த்ததும் ஈரத்துணியை உங்களிடம் நீட்டினேன். அந்த வெறும் கண்ணாடியை அரைமணி நேரம் தேய்த்தீர்கள்.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உங்களை நினைத்தால் அழுகையைவிடச் சிரிப்புதான் முந்துகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது என்னிடமும் மாணவர்கள் இருக்கிறார்கள். அளவுகள் ஏறுக்குமாறாக வந்து, யாராவது கண்கலங்கி வந்து நின்றால், நான் கருவியைச் சந்தேகிப்பதில்லை, பூச்சையும் சந்தேகிப்பதில்லை. முதலில் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் உன்மேல் ரொம்பப் பாசமாக இருப்பது யார்?