புத்தகத்தில் விட்ட பட்டிழை

1976, ஆடி, செவ்வாய் இரவு.

நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

அரசு தடை செய்த கதைப் புத்தகத்தை நூலகர் பதிவேட்டில் பதியாமல் கொடுத்திருந்தார். தினமும் மகன் படிப்பான்; நான் நெய்துகொண்டே கேட்பேன். இன்று நூலகரே ஓடி வந்தார்.

"பெரியவரே, ஜல்தி குடுங்க. சோதனை போட வந்துகினு இருக்காங்க."

கொடுத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, இழை உள்ளேயே போய்விட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் நிறுத்திய பக்கத்தில் பட்டிழை வைப்பேன். அந்த மயில்கழுத்து நிறம் இப்போது எங்கள் தறியில் மட்டும்தான் ஓடுகிறது.

"அந்த இழைய யாரு மாமா பாக்கப் போறாங்க?" என்கிறாள் மருமகள். ஆரணியில் இழையைப் பார்த்துத் தறியைச் சொல்லாதவர் யார்?

மகன் தூங்குகிறான். இன்னும் அவனிடம் சொல்லவில்லை. கதையில் ஒருத்தியின் கதவைப் போலீஸ் தட்டும்போது நேற்று நிறுத்தினான். அவள் திறந்தாளா, தெரியவில்லை.